சாராயக் கிடங்கு நமக்கெதற்கு என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு அன்பர் எழுதியிருந்தார். ரொறன்ரோவில் சனம் வீடு இல்லாமல் படுகிற பாட்டில், ஒரு பழைய விஸ்கிக் கம்பனியின் பீப்பாக் கிடங்கை என்ன செய்வது என்று வருடக்கணக்காக விவாதித்துக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனம், அதுவும் குடியை விற்றுப் பணக்காரரான ஒரு குடும்பத்தின் சொத்து, இதில் தமிழருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான், கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வளவுக்குள் இரண்டு குளிர்காலம் இரவு இரவாக நடந்தவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டினால் நடுவில் வெட்டாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வந்து இறங்கிய புதிது. எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அப்போது செக்யூரிட்டி வேலைதான், மற்றப் பாதி உணவகத்துக் குசினியில். எனக்குக் கிடைத்தது டொன் ஆற்று வாய்க்குக் கிட்ட, மில் வீதியில், பூட்டிக் கிடந்த ஒரு வடிசாலைக்கு இரவுக் காவல். கூடர்ஹாம் அன்ட் வோர்ட்ஸ் என்ற பெயர் டிரினிட்டி வீதிக்கு மேலே இரண்டு கட்டடங்களை இணைக்கிற பாலத்தில் பெரிதாக எழுதியிருக்கும், இன்றைக்கும் இருக்கிறது, கலியாணப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அதற்குக் கீழேதான் நிற்கிறார்கள். 1837இல் வடிக்கத் தொடங்கிய இடம் 1990இல் நின்றுபோனது. நான் போனபோது நாற்பதுக்கு மேற்பட்ட கட்டடங்கள், பதின்மூன்று ஏக்கர், ஒரு மனிதரும் இல்லை. இடைக்கிடை ஹொலிவூட்காரர் வந்து நாலு நாள் விளக்குப் போட்டுப் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். மற்றபடி நானும் புறாக்களும்.

அதில் எனக்குப் பிடிக்காத இடம் பீப்பாக் கிடங்குதான், ஏனென்றால் வெளிச்சம் இல்லை. சின்னச் சின்ன ஜன்னல், அதற்கும் இரும்புக் கதவு. டோர்ச் அடித்துக்கொண்டு உள்ளே போனால் முதலில் ஒன்றும் விளங்காது. நாங்கள் கட்டடம் என்றால் சுவர், தளம், கூரை, நடுவில் அறை என்று நினைத்துப் பழகியவர்கள். இங்கே அறை என்று ஒன்றும் இல்லை. நிலத்திலிருந்து கூரை வரைக்கும் மரச்சட்டங்கள், தூணும் விட்டமும், அடுக்கடுக்காக, ஒரு பிரமாண்டமான அலுமாரிக்குள் எறும்பு போனமாதிரி. இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு ஆள் நடக்கக்கூடிய இடைவெளி. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு நீள மரங்கள் தண்டவாளம் போல ஓடும், அதில்தான் பீப்பாக்களைப் படுக்கப் போட்டு உருட்டி உள்ளே தள்ளுவார்கள். பீப்பா ஒன்று 200 லீற்றர் அளவு பிடிக்கும், நிறைந்தால் மூன்று பேரின் பாரம். அப்படி எத்தனையோ ஆயிரம் தடவை உருண்டு உருண்டு அந்த மரங்களின் விளிம்பு கையால் தடவினால் வழுக்கும், எங்கள் வீட்டு அம்மிக்கல் நடுவில் தேய்ந்து குழிந்திருக்குமே, அதே வழுக்கல். கையுறையைக் கழற்றிவிட்டு ஒருநாள் தடவிப் பார்த்தேன். பென்சிலால் யாரோ கணக்குக் கீறியிருந்தார்கள், நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு வெட்டு, ஐந்து ஐந்தாக. அது யார், எந்த வருடம், ஒன்றும் தெரியாது.

மணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கள் விற்கிற தவறணைப் பக்கம் போனால் புளித்த வாடை அடிக்கும், நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். இது வேறு. பழைய மரப்பெட்டிக்குள் பனங்கட்டியை வைத்து மறந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி ஒரு இனிப்பு, அதோடு ஈர மரம். பீப்பா ஒன்றுகூட இல்லாத கிடங்கு, ஆனாலும் மணம் போகவில்லை. மைனஸ் இருபது என்று குளிர் இறங்குகிற இரவில் மரம் சுருங்கிப் படார் படார் என்று வெடிக்கும். முதல் தடவை கேட்டபோது நான் ஷெல் அடிக்கிறான் என்று நினைத்துக் குந்திவிட்டேன். சிரிக்காதீர்கள், அப்போது நான் வந்து ஒரு வருடம்கூட இல்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கிடங்கு என்று நாம் சொல்கிறோமே, அது அந்தச் செங்கல் சுவர் இல்லை. உள்ளே நிற்கிற அந்த மரச்சட்டகம்தான் கிடங்கு. சட்டகம் தன் காலில் தானே நிற்கிறது, சுவர் அதற்கு வெளியே போட்ட மழைக்கோட்டு மாதிரி. இப்போது நடக்கிற வாக்குவாதத்தில் எல்லாரும் தவறவிடுகிற விசயம் இது, இதற்குக் கீழே திரும்பி வருகிறேன்.

முதலில் அன்பர் கேட்ட ‘குடிக் கம்பனி’ விசயம். விஸ்கி வடித்து இறக்கின உடனே குடிக்கிற சாமான் இல்லை. வடிகலத்திலிருந்து வருவது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். மரப்பீப்பாவுக்குள் வருடக்கணக்காகக் கிடந்தால்தான் நிறமும் மணமும் வரும். முந்திக் கனடாவில் பொறுமையில்லாமல் உடனே விற்றவர்கள்தான் கூட. 1890இல் அரசாங்கம் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது, இப்போது அது மூன்று வருடம். இப்படிச் சட்டம் வந்தால் என்ன நடக்கும்? இரண்டு வருடத்துச் சரக்கு முழுவதையும் வைக்க இடம் வேண்டும். அப்போதுதான் அந்த வளவில் கிடங்குக்கு மேல் கிடங்காக எழும்பின. ஆக அந்தக் கட்டடங்களைக் கட்டுவித்தது பாதி கம்பனி என்றால் மீதி அரசாங்கம். வரி கட்டாத சரக்கு என்பதால் அரசாங்க அதிகாரியின் கண்காணிப்பு இல்லாமல் ஒரு பீப்பாவும் அசையாது. கனடாவில் வருமான வரி வந்ததே 1917இல்தான். அதுவரைக்கும் இந்த நாட்டின் செலவுக்குச் சுங்கவரியும் மதுவரியும்தான் பெரும் பங்கு. ரயில் பாதை போட்டதும் துறைமுகம் கட்டியதும் எந்தக் காசில் என்று தேடினால் அந்த இருட்டுக் கிடங்கில் படுத்திருந்த பீப்பாக்களிலும் ஒரு பங்கு இருக்கும்.

மரம் மூச்சு விடும் என்பார்கள். வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு பீப்பாவின் மரத்துக்குள்ளால் ஆவியாகிப் போய்விடும். வெள்ளைக்காரர் அதைத் தேவதைகளுக்குப் போன பங்கு என்று கணக்கில் கழிக்கிறார்கள். அந்த ஆவியைத் தின்று வளர்கிற ஒரு கறுப்புப் பூஞ்சை இருக்கிறது. விஸ்கிக் கிடங்கு எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றிச் சுவரிலும் மரத்திலும் வேலியிலும் கரி பூசினமாதிரிப் படியும். ஒன்ராறியோவில் ஒரு விஸ்கிக் கம்பனியின் கிடங்குகளுக்குப் பக்கத்தில் படிந்த கறுப்பை ரொறன்ரோ ஆராய்ச்சியாளர் ஒருவர் நோண்டிப் பார்த்துத்தான், 2007இல் அதற்கு பௌடோய்னியா என்று பெயர் வைத்தார்கள், 1872இல் பிரான்ஸில் இதை முதலில் கவனித்து எழுதிய ஒருவரின் பெயர் அது. நான் நின்ற காலத்தில் சுவரில் இருந்த கறுப்பை ரயில் எஞ்சின் புகை என்றுதான் நினைத்தேன். ரயில் பாதை பின்னாலேயே போகிறது, அதுவும் இருந்திருக்கும்.

சரி, இந்த இடம் நகரத்துக்கு யார் என்று பார்ப்போம். இன்றைக்கு அங்கே போய் நின்று ஏரி எங்கே என்று கேட்டால் ரயில் பாதைக்கும் கார்டினர் நெடுஞ்சாலைக்கும் அப்பால் கையைக் காட்டுவார்கள். ஆனால் வடிசாலை தொடங்கியபோது ஏரிக்கரையே அதுதான். 1832இல் ஜேம்ஸ் வோர்ட்ஸ் என்கிற ஆங்கிலேயர் அங்கே ஒரு காற்றாலை கட்டினார், மா அரைக்க. அவருடைய மச்சான் வில்லியம் கூடர்ஹாம் அதே வருடம் இங்கிலாந்திலிருந்து ஐம்பது பேருக்கு மேற்பட்ட உறவுக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். ஐம்பது பேரை ஒரேயடியாகக் கூட்டிவந்து இறக்குகிற வேலையை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்திருந்தேன். 1834இல் வோர்ட்ஸின் மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்துபோக, இரண்டு கிழமைக்குள் அவர் ஆலைக் கிணற்றிலேயே விழுந்து செத்துப்போனார். மச்சான் தொழிலைத் தொடர்ந்தார், மிஞ்சுகிற தானியத்தை வீணாக்காமல் வடிக்கத் தொடங்கினார், பின்னால் வோர்ட்ஸின் மகனையே பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். பெயரில் இரண்டு குடும்பமும் இருப்பது அதனால்தான்.

அந்தக் காற்றாலை எப்போதோ இல்லாமல் போய்விட்டது. ஆனால் ஏரியை எவ்வளவு தூரத்துக்கு மண் கொட்டி நிரப்பலாம் என்று நகரம் கோடு போட்டபோது அதற்கு அடையாளமாக அந்தக் காற்றாலையைத்தான் பிடித்தார்கள். பழைய வரைபடங்களில் இன்றைக்கும் காற்றாலைக் கோடு என்று ஒன்று இருக்கிறது.

1859இலிருந்து 1861 வரை கட்டின பெரிய கல் கட்டடம் இருக்கிறதே, அதற்குக் கிங்ஸ்ரன் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் வந்தது. 1869இல் தீப்பிடித்து உள்ளே இருந்த மரமெல்லாம் எரிந்துபோனது. கல் சுவர் மட்டும் நின்றது. திரும்பக் கட்டி இரண்டு வருடத்துக்குள் கனடா முழுவதும் வடித்த மதுவில் ஏறக்குறைய பாதி இங்கேதான் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். வில்லியம் கூடர்ஹாம், பாங்க் ஒவ் ரொறன்ரோ என்கிற வங்கிக்கும் தலைவராக இருந்தவர். அந்த வங்கி 1955இல் டொமினியன் வங்கியோடு சேர்ந்தது. உங்கள் கைப்பையில் பச்சை நிற வங்கி அட்டை இருந்தால் அந்த டி.டி.யில் முதல் எழுத்து எந்த வங்கி என்று இப்போது தெரிந்திருக்கும். பிறகு டவுன்டவுனில் கேக் துண்டு மாதிரி ஒடுங்கின ஒரு சிவப்புக் கட்டடம் நிற்கிறதே, எல்லாரும் படம் எடுப்பார்கள், அதுவும் கூடர்ஹாம் கட்டடம்தான். 1892இல் அவருடைய மகன் ஜோர்ஜ் கட்டின அலுவலகம். முதலாம் உலகப்போரில் விஸ்கியை நிறுத்திவிட்டு வெடிமருந்துக்கு வேண்டிய அசிற்றோனையும் இதே இடத்தில் செய்திருக்கிறார்கள்.

பெருமை மட்டும் சொன்னால் நான் பொய்யன். வடித்து மிஞ்சின கழிநீரை மாடுகளுக்குப் போட்டு வளர்த்தார்கள், அந்தத் தொழுவங்களின் சாணமும் மூத்திரமும் அஷ்பிறிட்ஜஸ் குடாவுக்குள் போய் அந்தத் தண்ணீர் நாறிக் கிடந்தது. நகரம் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தது. பணக்காரனின் மாடு என்றால் நாற்றத்துக்கும் மரியாதை.

அன்பரின் கேள்விக்கு என் நேரடியான பதில் இனித்தான் வருகிறது. கூடர்ஹாமின் காசு எனக்கும் உங்களுக்கும் சொந்தமில்லை, உண்மை. ஆனால் அந்தப் பீப்பாக்களை உருட்டியது கூடர்ஹாம் இல்லையே. 1847இல் அயர்லாந்தில் பஞ்சம். உருளைக்கிழங்கு அழுகி, சனம் கப்பல் கப்பலாக வெளிக்கிட்டது. அந்த ஒரே கோடையில் முப்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ரொறன்ரோத் துறையில் வந்து இறங்கினார்கள். அப்போது இந்த நகரத்தின் சனத்தொகையே இருபதாயிரம் அளவு. யோசித்துப் பாருங்கள், ஊரில் இருப்பவரைப்போல இரண்டு மடங்கு அகதி. காய்ச்சலில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மிஞ்சித் தங்கினவர்களில் நிறையப்பேர் வடிசாலைக்கு வடக்கே சின்னச் சின்ன வீடுகளில் குடியிருந்தார்கள், அதுதான் இன்றைய கோர்க்டவுன். வேலை கேட்டு நடந்து போகிற தூரத்தில் இருந்தது இந்த வடிசாலையும் பக்கத்து மதுபான ஆலைகளும். அங்கே ஒரு ஆலை வைத்திருந்த ஈனொக் டேர்னர் என்பவர் 1848இல் அந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இலவசப் பள்ளிக்கூடம் கட்டினார். அந்தச் சின்னச் செங்கல் கட்டடம் இன்னும் டிரினிட்டி வீதியில் நிற்கிறது, நடந்து போனால் ஐந்து நிமிடம்.

இன்னொருவரையும் சொல்லியே ஆக வேண்டும், குறிப்பாக டாக்ஸி ஓடுகிற எங்கள் அண்ணன்மாருக்காக. தோர்ன்ரன் பிளக்பேர்ன், அமெரிக்காவில் கென்ரக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்த கறுப்பர். 1834இல் ரொறன்ரோவுக்கு வந்தார், எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு குதிரை வண்டி செய்வித்து இந்த நகரத்தின் முதல் வாடகை வண்டிச் சேவையைத் தொடங்கினார். அவரும் மனைவி லூசியும் இருந்த வீடு ஈஸ்ரேண் அவெனியூப் பக்கம், இப்போது ஒரு பள்ளிக்கூட வளவு. 1985இல் தோண்டிப் பார்த்தபோது வீட்டின் அடித்தளம் வெளியே வந்தது. வடிசாலையிலிருந்து அதுவும் கூப்பிடு தூரம். அகதியாக வந்தவன், டாக்ஸி ஓட்டினவன், கூலி வேலைக்குப் போனவன். இந்த நகரத்தில் இவர்களுக்கு அரண்மனை இல்லை, அவர்கள் வேலை செய்த கிடங்குதான் இருக்கிறது. இதில் தமிழருக்கு என்ன வேலை என்று கேட்டால் நான் வேறு என்ன சொல்ல?

குடியால் எங்கள் குடும்பங்கள் பட்டபாடு தெரியாமல் நான் எழுதவில்லை. எங்கள் ஊரிலும் திக்கம் வடிசாலை இருக்கிறது, அதைப்பற்றிப் பெருமையாகக் கதைக்கிறவரும் உண்டு, திட்டுகிறவரும் உண்டு, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் நடந்தது. 1916இலிருந்து 1927 வரை ஒன்ராறியோவில் மது விற்பனைக்கே தடை. தடை எடுபட்ட அதே 1927இல்தான் அந்த வளவின் கடைசிப் பெரிய கிடங்குகள் கட்டப்பட்டன. பின்னாளில் ஓவியர்களும் கைவினைக்காரர்களும் கூடங்கள் வைத்திருந்த கிடங்கு அதிலொன்று, போத்தலில் அடைத்துப் பெட்டி கட்டின சரக்கை வைத்த இடம். சண்டையும் சேர்ந்ததுதான் சரித்திரம், இடித்துவிட்டால் சண்டை பிடித்ததும் மறந்துபோகும்.

இப்போது மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். 2001இல் சில முதலீட்டாளர்கள் முழு வளவையும் வாங்கி 2003இல் திறந்துவிட்டார்கள். நான் மனிசியைக் கூட்டிக்கொண்டு போனேன், இதுதான் நான் இரவில் நின்ற இடம் என்று காட்ட. நல்லாத்தான் செய்திருந்தார்கள். வழமையான சங்கிலிக் கடைகளை உள்ளே விடவில்லை, வாகனத்தை விடவில்லை, இயந்திரங்கள் சிலவற்றை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். (நீங்கள் நிலத்தில் காண்கிற அந்தச் செங்கல் பாவல் பழசுதான், ஆனால் இந்த ஊர்ப் பழசு இல்லை, ஒஹையோவில் கிளீவ்லண்டிலிருந்து கொண்டுவந்தது. விக்ரோறியா காலத்து வீதி என்று சொல்லிப் படம் போடுகிற பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லி மனதை நோகடிப்பதில்லை.) திருத்த வேலைக்குக் காசு வேண்டும் என்று ஓரத்தில் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டுக் கோபுரங்கள் எழும்பின. அதையும் நான் குறை சொல்லவில்லை. 1988இலேயே தேசிய வரலாற்றுத் தலம் என்று அறிவித்த இடம், வடிப்பு நின்ற பிறகு பத்து வருடத்துக்கு மேல் புறாவுக்கு விட்டிருந்தார்கள், கோபுரம் வந்துதான் கூரை ஒழுகாமல் நின்றது.

ஆனால் மில் வீதிப் பீப்பாக் கிடங்கு விசயம் வேறு. அதன் செங்கல் சுவர்களை வைத்துக்கொண்டு நடுவில் முப்பது மாடிக்கு மேல் ஒரு கோபுரத்தை எழுப்புகிற திட்டம் பல வருடமாகப் பேசப்பட்டு வருகிறது, ஹோட்டல் என்று தொடங்கினது. விளம்பரப் படத்தில் எல்லாம் வடிவாக இருக்கும். கீழே சிவப்புச் செங்கல், பச்சை இரும்புக் கதவு, அதிலிருந்து கண்ணாடி முளைத்து மேலே போகிறது. பார்க்கிறவர்கள் ‘பரவாயில்லை, பழசைக் காப்பாற்றிவிட்டார்கள்’ என்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உள்ளே இருந்த மரச்சட்டகம் எங்கே போகும்? சுவர் மழைக்கோட்டு என்று சொன்னேன். ஆளை அனுப்பிவிட்டுக் கோட்டை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, இவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார் என்பதா?

இதற்கு ஒரு மறுபேச்சு உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். கல் கட்டடத்தின் உள்ளும் 1869இல் எரிந்ததுதானே, அங்கேயும் சுவர்தானே மிச்சம், அதை மட்டும் ஏன் கும்பிடுகிறீர்கள்? சரியான கேள்வி. ஆனால் அவர்கள் எரிந்த பிறகு திரும்ப வடிசாலையாகத்தான் கட்டினார்கள், அந்தச் சுவர் திரும்பவும் நூறு வருடத்துக்கு மேல் அதே வேலை செய்தது. தீ எடுத்தது வேறு, நாமே விலை பேசி எடுத்துக் கொடுப்பது வேறு.

ஒருநாள் போய்ப் பார்த்து எழுதலாம் என்று விடவும் முடியாது. 2021 ஜனவரியில் இதே சுற்றாடலில், ஈஸ்ரேண் அவெனியூவில் இருந்த பழைய வார்ப்புத் தொழிற்சாலைக்கு மாகாண அரசு திடீரென்று இடிப்பு இயந்திரத்தை அனுப்பியது. கட்டுப்படியான விலை வீடுகள் கட்டப்போகிறோம் என்றார்கள். அக்கம்பக்கத்துச் சனம் குளிரில் வந்து நின்று, நீதிமன்றத்துக்குப் போய்த்தான் நிறுத்தினார்கள், அதற்குள் கொஞ்சம் இடித்தும் விட்டார்கள். சட்டமும் இப்போது முந்தின மாதிரி இல்லை. 2022இல் மாகாணம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, மரபுரிமைப் பட்டியலில் வெறுமனே பெயர் மட்டும் இருக்கிற கட்டடத்தை நகரசபை குறித்த காலத்துக்குள் முறையாக அறிவிக்காவிட்டால் பெயர் தானாக விழுந்துவிடும், அந்தக் காலக்கெடுவை 2027 தொடக்கம் வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். வடிசாலை வளவுக்கு அந்தப் பயம் இல்லை, அது எப்போதோ முறையாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நகரம் முழுவதும் பெயர் மட்டும் இருக்கிற சின்னக் கிடங்கு, பட்டறை, கடை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நித்திரை வராது. ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகள் நடனம் பழகின, முதல் பொங்கல் விழா வைத்த கைத்தொழில் கட்டடங்கள் இருக்கின்றனவே, நாளைக்கு அதுவும் ஒருவருக்குப் பழைய கிடங்குதான்.

வீடு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. என் மகள் நல்ல வேலையில் இருந்தும் இந்த நகரத்துக்குள் வீடு வாங்க முடியாமல் அஜக்ஸுக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிடங்கைக் குடைந்து ஹோட்டல் கட்டினால் என் மகளுக்கு அதில் எத்தனை அறை? வடிசாலைக்குக் கிழக்கே வெஸ்ட் டொன் லாண்ட்ஸ் முழுவதும் வெறும் நிலமாகக் கிடந்ததுதான், 2015 பான் அமெரிக்க விளையாட்டு வீரர்களுக்கு அங்கே கட்டின வீடுகளில் இப்போது சனம் குடியிருக்கிறது. கோர்க்டவுனுக்கு ஒன்ராறியோ லைன் நிலத்தடி ரயில் நிலையம் கட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போகிற ஆட்கள் வாகனத் தரிப்பிடங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும், கோபுரத்துக்கு இடம் தட்டுப்பாடா என்று தெரியும்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கோபுரம் வந்தே தீரும் என்றால், சட்டகத்தில் ஒரு பகுதியாவது நிலத்திலிருந்து கூரை வரைக்கும் வெட்டாமல் அப்படியே நிற்க வேண்டும். மேசைக்கால் செய்வதற்கும் பார் கவுண்டருக்குப் பலகை அடிப்பதற்கும் துண்டுபோட்டு, ‘பழைய மரம்’ என்று ஒரு சின்னத் தகடு ஒட்டுவது எனக்குக் காணாது. அதற்குள்ளே ஒரு ஆள் காசு கொடுக்காமல் நடந்து போய் மேலே அண்ணாந்து பார்க்க முடிய வேண்டும். அதோடு அந்தப் பென்சில் கோடுகள். அவற்றை யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்றாவது நகரசபையில் எங்கள் சார்பில் ஒருவர் கேட்கட்டும். இது மாதிரித் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்கிற கூட்டங்கள் நடக்கும்போது உங்கள் பத்திரிகை ஒரு சின்ன அறிவித்தல் போட்டால் போதும், எங்கள் ஆட்கள் அரங்கேற்றத்துக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே மண்டபம் காணாது.

அன்பரையும் ஒருமுறை வரச்சொல்லுங்கள். கிங் வீதி ஸ்ட்ரீட்கார், 504 ஏ, வடிசாலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் இறக்கும். கார்க்காரர் என்றால் தரிப்பிடக் கட்டணத்தைப் பார்த்து என்னைத் திட்டுவார். இல்லை, அவ்வளவு தூரம் வர நேரமில்லை என்றால், ஸ்காபரோவிலிருந்து டவுன்டவுன் யூனியன் நிலையத்துக்குக் கோ ரயிலில் வரும்போது வலப்பக்க ஜன்னலோரம் இருக்கட்டும். டொன் ஆற்றுப் பாலம் கடந்ததும் போனை வைத்துவிட்டு வெளியே பார்க்க வேண்டும், அரை நிமிடம்தான் தெரியும்.

இப்படிக்கு,
பழைய இரவுக் காவல்காரன்,
ஸ்காபரோ